சாப்பாட்டு மேஜையில் ஓர் உள்ளிருப்புப் போராட்டம்

இருநூற்றுப் பதினான்கு குரல் செய்திகள் புதுப் போனுக்குப் போக மாட்டோம் என்று எங்கள் சாப்பாட்டு மேஜையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட அந்த வியாழக்கிழமை காலையில் மில் கேட் தெருவில் நல்ல தண்ணீர் வந்துகொண்டிருந்தது, ஆகவே முதல் அரைமணி நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினொரு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற தெருவில் எந்த அதிசயமும் குடம் நிறைகிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

போனை அனுப்பியவள் என் மகள் வாலண்டினா. விண்வெளிக்கு முதன்முதலாகப் போன பெண்ணின் பெயர் அது. இருபத்தாறு நாள் மில் வேலைநிறுத்தத்தில் நாங்கள் வென்ற வருஷம் பிறந்தாள் என்பதால் நானே தேர்ந்தெடுத்து வைத்தேன். அப்படிப் பெயர் வைக்கப்பட்டவள் கோயம்புத்தூரை விட்டு ஹாலந்து தேசத்துக்குப் போய், அங்கே ஒரு பெரிய கம்பெனியில் மனிதவள அதிகாரியாகச் சேர்ந்தாள். மனிதவளம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் காலத்தில் அதற்கு லேபர் ஆபீசர் என்று பெயர், அதற்கும் முன்னால் மேஸ்திரி என்று பெயர், பெயர்தான் மாறியிருக்கிறது. ஐம்பது வருஷம் பேச்சுவார்த்தை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனின் மகள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் நான்கு மாதமாக அவள் அனுப்பிய குரல் செய்தி ஒன்றைக்கூட நான் திறக்கவில்லை. ராஜினாமா செய்தால் கேட்பேன் என்று சொல்லி அனுப்பினேன். அவள் ராஜினாமாவும் செய்யவில்லை, செய்தி அனுப்புவதையும் நிறுத்தவில்லை.

என் மனைவி ராமாத்தாள் மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன்னுடைய போனில் மகளோடு ஒரு மணி நேரம் பேசுவாள், பேசியதில் ஒரு வார்த்தையைக்கூட என்னிடம் சொல்ல மாட்டாள். உங்களுக்கு வந்ததை நீங்கள் கேளுங்கள், தபால்காரி வேலை எனக்கு வேண்டாம் என்பாள்.

புதுப் போன் ஓர் அட்டைப் பெட்டியில் வந்தது. உள்ளே ஒரு சின்னத் திருப்புளியும் ஒரு சிறு புத்தகமும் இருந்தன. தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜாகீர் அந்தப் புத்தகத்தை வாசித்துச் சொன்னார்: இந்தப் போனுக்கான தாதுவைத் தோண்டிய சுரங்கத்தில் குழந்தைகள் இல்லை, இதைப் பூட்டிய தொழிற்சாலையில் வாழ்வதற்குப் போதுமான கூலி உண்டு, யாரையும் வற்புறுத்தி எந்த வேலையும் வாங்கப்படவில்லை, கெட்டுப்போனால் தூக்கி எறியாமல் நாமே திறந்து பழுது பார்த்துக்கொள்ளலாம். இதில் முதல் மூன்று வரிகளை நான் துண்டறிக்கையாக அச்சடித்து மில் கேட்டில் கொடுத்ததற்கு என்னை ஏழு தடவை போலீஸ் வேனில் ஏற்றினார்கள். இவர்கள் அதையே வழவழப்பான தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்கள். எழுத்துப் பிழைகூட இல்லை என்று ஜாகீர் சொன்னபோது எனக்கு இன்னும் எரிந்தது.

ஆனால் வேறு வழியில்லை. என் பழைய போனின் பேட்டரி பூரி மாதிரி உப்பி, பின்பக்க மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சனிக்கிழமை மத்தியானத்தைத் தாண்டாது, அணைந்தால் மறுபடி முழிக்காது, அதற்குள் இருக்கிறதையெல்லாம் இக்கட்ட புதுசுக்குக் கொண்டு வந்துவிடுங்கள் தோழரே என்று ஜாகீர் சொல்லி, இரண்டு போன்களையும் மேஜைமேல் ஒரு முழ இடைவெளியில் வைத்து, எதையோ அழுத்திவிட்டு, ராமாத்தாள் வைத்த இட்லியைச் சாப்பிட உட்கார்ந்தார்.

பழைய போனிலிருந்து எல்லாம் இறங்கி நடக்க ஆரம்பித்தன. புது மாடலில் இப்படித்தான் வரும்போல என்றார் ஜாகீர், சட்னியைத் தொட்டுக்கொண்டே. முதலில் பெயர்களும் நம்பர்களும் வந்தன, விரல் உயர ஆட்களாக, அவரவர் நடையில். செத்துப்போன தோழர்களின் நம்பர்கள் மற்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடந்தன. பிறகு காலை வணக்கப் படங்கள், ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் சூரியனுமாகப் பதினோராயிரம், ஒன்றன் பின் ஒன்றாகக் கும்பிட்டுக்கொண்டே போய் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. புதுப் போனின் விளிம்பில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, விருப்பப்பட்டுத்தான் வருகிறாயா என்று திரை கேட்டது. யாரையும் வற்புறுத்தாமல் செய்யப்பட்ட போன் என்பதால், வற்புறுத்தி அழைத்து வரப்பட்ட யாரையும் அது உள்ளே விடாதாம். காலை வணக்கங்கள் கேள்வி முடிவதற்குள் ஆமாம் என்றன. ஊர்வலப் படம் ஒன்றில் இருந்த நானூறு பேரும் பதில் சொல்லாமல் கையை உயர்த்தினார்கள், போன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் அவர்கள் வந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு பேர், கட்டைவிரல் உயரம், எல்லாரும் வாலண்டினா. பேசிப் பதிவு செய்த அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தாளோ அதே உடுப்பில்: ஒருத்தி தடித்த கோட்டில், ஒருத்தி தலையில் துண்டோடு, ஒருத்தி கையில் கரண்டியோடு, ஒருத்தி சைக்கிள் ஹெல்மெட்டோடு. திரை கேட்டது. இல்லை என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு போன்களுக்கும் நடுவில், ஊறுகாய் ஜாடியை ஒட்டி, வரிசையாக உட்கார்ந்தார்கள்.

முதல் வருஷத்து முதல் செய்தி, ஒன்றாம் நம்பர், எழுந்து என்னிடம் வந்தாள். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிய மனு ஒன்றை, இரண்டு பிரதிகளாக, என் முன்னால் வைத்தாள். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். எங்களைக் கேட்காமலே மூட்டை கட்டி இடம் மாற்றாதே, முதலில் காது கொடுத்துக் கேள், பிறகு போகிறோம்.

அங்கேதான் நான் தவறு செய்தேன். மூளை எதையும் யோசிப்பதற்குள் கை தன் வேலையைச் செய்துவிட்டது. எந்த முதலாளியிடமும் நான் மனுவைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தவனில்லை. இரண்டாவது பிரதியின் அடியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்து வாங்காமல் ஆபீஸ் வராந்தாவை விட்டு நகர்ந்தவனில்லை. அந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு நாள் அங்கேயே படுத்துக் கிடந்தவன். மனு என்று ஒன்றைப் பார்த்தால் அதன் அடியில் அந்த வார்த்தை இருந்தாக வேண்டும் என்று என் விரல்களுக்கு ஊறிப்போயிருந்தது. எழுதினேன். தேதி போட்டேன். காலை எட்டு நாற்பது என்று நேரமும் போட்டு, வெள்ளிங்கிரி என்று கையெழுத்திட்டேன். பேனாவை மூடும்போதுதான் எனக்கே உறைத்தது. மனுவைப் பெற்றுக்கொள்கிறவன் நிர்வாகம்.

இருநூற்றுப் பதினான்கு பேரும் கை தட்டினார்கள். கடுகு பொரிகிற மாதிரி இருந்தது.

தண்ணீர் நின்றதும் தெரு உள்ளே வந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் போராட்டம் என்றால் அடுத்தது என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். என்னுடைய எல்லா உண்ணாவிரதத்துக்கும் பந்தல் போட்ட பந்தல்காரர் இன்ச் டேப்பால் மேஜையை அளந்து, நான்கு ஊதுபத்திக் குச்சியும் ஒரு கைக்குட்டையும் வைத்துப் பந்தல் போட்டார், ஜன்னல் வெயில் நேராக அடிக்கிறதே என்று கிழக்குப் பக்கம் ஒரு தடுப்பும் வைத்தார். பழைய கோன் வைண்டிங் பெண்கள் முறைபோட்டுக்கொண்டு பொரி கொண்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பொரி, அதை அவர்கள் இரண்டு கையாலும் பிடித்து பன் தின்பது போலத் தின்றார்கள். வார்டு கவுன்சிலர் வந்து மேஜைமுன் குனிந்து நின்று முழு ஆதரவு உண்டு என்றார், பிறகு சமையலறைக்குள் வந்து என்னிடமும் முழு ஆதரவு உண்டு என்றார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு, அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேட்டார். சாப்பாட்டு மேஜை பொது இடமா என்று பெண்கள் திருப்பிக் கேட்டார்கள். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, மைக் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரும் ஒரு கை பொரி எடுத்துக்கொண்டு போனார்.

நான்கு மத்திய தொழிற்சங்கங்களும் வந்தன, பல்குச்சியில் கொடி கட்டிக்கொண்டு. ஒவ்வொன்றும் தன்னோடு இணைந்தால் டெல்லி வரைக்கும் கொண்டுபோகலாம் என்றது. ஒரு சங்கத்தார், மழைக்கோட்டு போட்டவர்களுக்குத் தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன, அவர்கள் தனியாக வந்தால் நல்லது என்று காதைக் கடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பது வருஷத்தில் உடையாத போராட்டம் ஒன்றை நான் பார்த்ததில்லை. என் சங்கத்தையே மூன்று தடவை உடைத்தார்கள், உடைத்தவர்கள் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். இதை மட்டும் உடைக்க முடியவில்லை. இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே பெண்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் என் பெயர் போயே போய்விட்டது. பால்காரர் வாசலில் நின்று, நிர்வாகத்துக்கு அரை லிட்டர்தானுங்களா என்று கேட்டார். இஸ்திரிக்காரர் என் சட்டைகளை மடித்து, மேலே நிர்வாகம் என்று சீட்டு எழுதி வைத்தார். கிண்டலாகச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு போராட்டம் இருந்தால் ஒரு நிர்வாகம் இருந்தாக வேண்டும், யாராவது அந்த வேலையைப் பார்க்க வேண்டும், எனக்கு வேறு வேலையும் இல்லை.

நானும் பார்த்தேன். எல்லாத் தந்திரமும் எனக்குத் தெரியும், எல்லாமே என்மேல் பிரயோகிக்கப்பட்டவை. முதலில், கண்டுகொள்ளாமல் இருப்பது: மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர்கள் கோஷம் போட்டார்கள். நான் எழுதிய கோஷம், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, நான் இழுக்கிற இடத்தில் இழுத்து. என் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் போன வயதில் கற்றது. அடுத்தது தேநீர். பாட்டில் மூடியில் தேநீர் ஊற்றி, இரண்டு சொட்டு இஞ்சிச் சாறும் விட்டு, நல்லெண்ணத்தின் அடையாளமாக அனுப்பினேன். போராட்டக் காலத்தில் நிர்வாகத்தின் தேநீரைத் தொடக்கூடாது என்று அச்சடித்துக் கொடுத்தவன் நான். ஒருத்திகூடத் தொடவில்லை. தேநீர் ஆறி, ஆடை கட்டி, ஈ விழுந்து கிடந்தது. நான் கொல்லைப்பக்கம் போய்ச் சலவைக் கல்லின் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் பெருமைப்பட்டுக்கொண்டு, பிறகு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கதவடைப்பு. பழைய போனின் சார்ஜர் ஒயரைப் பிடுங்கினேன். ராமாத்தாள் வந்து மறுபடி சொருகினாள். நான் மறுபடி பிடுங்கக் கை நீட்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க, அன்னிக்கு மில்லுக்காரன் கேண்டீன்ல தண்ணியை நிறுத்தினான். மேடையேறி அவனை நீங்க என்ன பேர் சொல்லித் திட்டினீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?”

ஞாபகம் இருந்தது. அதை எந்த அச்சகமும் அச்சடிக்காது. கையை இழுத்துக்கொண்டேன்.

அப்போதே ஒன்பதாம் நம்பரின் சேலைத் தலைப்பு கண்ணாடி மாதிரி ஆகி, அதன் வழியாக ஊறுகாய் ஜாடி தெரிய ஆரம்பித்திருந்தது. காலையும் மாலையும் வந்து பேட்டரியைத் தொட்டுப் பார்த்த ஜாகீர், போன் அணைந்தால் இவர்களும் அணைவார்கள் என்றும், அணைந்தவர்களை எந்தக் கடையிலும் மீட்க முடியாது என்றும் சொன்னார். போகட்டும் என்றேன். நான் போகட்டும் என்று சொன்னதைக் கேட்டுப் பந்தலுக்குள் யாரும் அழவில்லை, கோஷத்தைத்தான் கொஞ்சம் கூட்டினார்கள். போகட்டும் என்று நான் சொன்னது பொய். கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் என் பிள்ளை தோற்றுவிட்டாள். மன்னிப்புக் கேட்காமல் அந்தப் பக்கத்து நாற்காலியில் சந்தோஷமாக இருந்தால் நான் தோற்றுவிட்டேன். இரண்டில் ஒன்று அந்த மேஜைமேல் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் தெருவே கூடி, முத்தரப்புப் பேச்சுவார்த்தை வைத்தால்தான் தீரும் என்று முடிவு செய்து, பக்கத்துத் தெருவிலிருந்து கனகசபாபதி சாரைக் கூட்டி வந்தது. தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மில் மூடியபோது ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரின் வழக்கு அவரிடம்தான் வந்தது. அவர் அதைப் பதினேழு தடவை ஒத்திவைத்தார், பதினெட்டாவது தடவை நாங்கள் போனபோது மில் கட்டடமே இல்லை. பழைய ஃபைல் கட்டு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில், கண்ணில் தண்ணீர் தளும்ப வந்தார். ஓய்வு பெற்ற பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை.

மேஜையின் குறுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரு தரப்பும் ஆஜர் என்று எழுதி, மனுவை இரண்டு தடவை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, விஷயம் சிக்கலானது, அடுத்த கூட்டம் பதினைந்து நாள் கழித்து என்றார். பழக்கம். ஒன்றாம் நம்பர் எழுந்து, அவருடைய ஃபைலின் மேல் ஏறி நின்றாள்.

“சார், எங்களுக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்குந்தான் உசுரு.”

கனகசபாபதி தன் உத்தியோக வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, இன்றைக்கே பேசுவோம் என்றார். அந்தப் பதினேழு தடவையில் ஒரு தடவை அவர் அதைப் பார்த்திருந்தால் என்று எனக்குத் தோன்றியது, அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், என் பக்கம் திரும்பவே இல்லை.

ஐந்து பேர் கொண்ட குழுவை அனுப்பினால் கேட்கிறேன் என்றேன். எல்லாரும் அல்லது யாரும் இல்லை என்றார்கள். அப்படியானால் எல்லாரும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்றேன். நியாயமான யோசனையாகப் பட்டதால் முயன்று பார்த்தார்கள். இருநூற்றுப் பதினான்கு வாய்களும் திறந்தபோது அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன, எதிர் வீட்டு நாய் ஊளையிட்டது, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கடைசியாக என் பழைய நிபந்தனையை எடுத்தேன். அவள் ராஜினாமா செய்யட்டும், அடுத்த நிமிஷம் கேட்கிறேன்.

எண்பத்தெட்டாம் நம்பர் எழுந்தாள். மழைக்கோட்டு போட்டவள், மூக்கு சிவந்திருந்தது, ஜலதோஷம்.

“பேச்சுவார்த்தைக்கு முன்னாலயே நிபந்தனை போடறது யாரோட வழக்கம்ப்பா?”

கூடம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மில்லில் அடி வாங்கியவர்கள், என்னோடு வேனில் ஏறியவர்கள், என் மேடைப் பேச்சைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனவர்கள். எல்லாருக்கும் விடை தெரியும். பேனாவைக் கொடுங்கள் என்றேன்.

ஒப்பந்தத்தைக் கனகசபாபதியே கைப்பட எழுதினார். ஒன்று முதல் இருநூற்றுப் பதினான்கு வரை வரிசை மாறாமல், பாதியில் நிறுத்தாமல், இடையில் குறுக்கிடாமல் நிர்வாகம் கேட்க வேண்டியது. கேட்கப்பட்டவர் உடனே புதிய பணியிடத்துக்குச் செல்ல வேண்டியது. குறுக்கிடாமல் என்ற வார்த்தையை எடுத்துவிட நான் அரைமணி நேரம் வாதாடினேன். எடுக்கவில்லை.

நான்கு மணிக்கு ஆரம்பித்தோம். ஒன்றாம் நம்பர் என் தட்டின் விளிம்பில் நின்று, அப்பா வேலை கிடைத்துவிட்டது, என்ன வேலை என்று அம்மா சொல்லியிருக்கும், நீ கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது என்றாள். சொல்லிவிட்டுச் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து போனாள், போன் கேட்டதற்கு ஆமாம் என்றாள், உள்ளே போய்விட்டாள். இரண்டாமவள் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து பதினேழு நிமிஷம் பேசினாள். ஐந்தாமவள் கொள்ளுப் பருப்புக் கடைந்தாளாம், குக்கர் விசில் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டாராம், வந்தவர்கள் நான்கு பேரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். கோன் வைண்டிங் பெண்கள் சிரித்துச் சிரித்துப் பொரியைக் கொட்டினார்கள். என் வாய் இரண்டு தடவை திறந்தது. இரண்டு தடவையும் கனகசபாபதி பேனாவால் மேஜையைத் தட்டினார். இருட்டுவதற்குள் தொண்ணூற்றொன்று முடிந்தது. மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டில் தொடர்ந்தோம்.

நூற்றுப் பதினெட்டாம் நம்பர் ஆபீஸ் உடுப்பில் இருந்தாள். முழங்கால் வரைக்கும் கண்ணாடியாகிவிட்டிருந்தது. பதினோரு பேருக்கு வேலை நீக்கக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். “உன்னோட டிரங்குப் பொட்டியில மில்லு குடுத்த கடிதம் ஒண்ணு இருக்குமே. வருந்துகிறோம்னு போட்டிருக்கும், அதுக்குக் கீழ நீ செவப்பு மையில கோடு போட்டு, பொய்னு எழுதி வெச்சிருப்பே. எனக்கு எழுத உக்காந்தா அந்தக் கோடுதாம்ப்பா தெரியுது. எழுதினனா இல்லையான்னு நீ போன் பண்ணு, சொல்றேன்.”

நான் போன் பண்ணவில்லை. அது இரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்தி. அடுத்த முப்பத்திரண்டு பேரும் வரிசையாக வந்து, இங்கே மழை, இங்கே பனி, இங்கே மறுபடி மழை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுந்து போய்விட முடியாது, ஒப்பந்தம். எழுதினாயா என்று கத்த முடியாது, ஒப்பந்தம். உப்பிய பேட்டரி மேஜைமேல் லேசாக முனகிக்கொண்டிருந்தது. தெருவில் ஒருவர்கூட நகரவில்லை.

நூற்று ஐம்பத்தோராம் நம்பர் சொன்னாள். பத்து நாள் எழுதாமல் இழுத்தடித்தாளாம். தன் மேலதிகாரியிடம் ஏழு தடவை சண்டை போட்டாளாம். “பதினொண்ணுல நாலை நிறுத்த முடிஞ்சுதுப்பா. ஏழு போயிருச்சு. வருந்துகிறோம்னு நான் போடலை. நீயா இருந்தா எத்தனை நிறுத்தியிருப்பே?”

எங்கள் மில்லில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கடிதம் வந்தது. நான் பேசாத மேடையில்லை, ஒட்டாத சுவரில்லை, ஏறாத வேனில்லை. நிறுத்தியது ஒன்றுகூட இல்லை. அந்த ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டில் இருபது பேர் அந்தக் கூடத்திலேயே நின்றிருந்தார்கள், அவர்கள் என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். அது அவர்கள் எனக்குச் செய்த மரியாதை.

இருநூற்றுப் பதினான்காமவள் பன்னிரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு வந்தபோது அவளுடைய முகமும் குரலும்தான் மீதி இருந்தன. புதுப் போன் அனுப்பியிருக்கிறேன் அப்பா, செய்தவர்களுக்கு நல்ல கூலி கொடுத்தார்களாம், உள்ளே ஒரு புத்தகம் இருக்கிறது, படித்துப் பார்த்து நிஜமா பொய்யா என்று சொல், உனக்குத்தான் தெரியும் என்றாள். சொல்லிவிட்டு, தடவித் தடவி நடந்து விளிம்பை அடைந்து, ஆமாம் என்று சொல்லி உள்ளே போனாள். பன்னிரண்டே காலுக்குப் பழைய போன் ஒரு சின்ன ஏப்பம் விட்டு அணைந்தது. ஜாகீர் அதை ஒரு தட்டில் வைத்து மூடி எடுத்துப் போனார். கனகசபாபதி ஃபைலில் ‘முடிவுற்றது’ என்று எழுதினார். அந்த வார்த்தையை எழுதிப் பழக்கமில்லாததால் இரண்டு தடவை அடித்துத் திருத்தி எழுதினார்.

தெரு சாப்பிடப் போயிற்று. நானும் ராமாத்தாளும் புதுப் போனும் மட்டும் இருந்தோம். ஒப்பந்தப்படி இனி நான் பேசலாம். மைக் படத்தை அழுத்திப் பிடித்தேன். பத்தாயிரம் வாயிற்கூட்டம் பேசியவன், பேச ஆள் இல்லாமல் திண்டாடியதுண்டு, பேச்சு இல்லாமல் திண்டாடியதில்லை. வாயைத் திறந்ததும் வந்த வார்த்தை, தோழர்களே. அதற்கு அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. உலக நிலைமை, நாட்டு நிலைமை, கார்ப்பரேட்டுகளின் நயவஞ்சகம், அந்தச் சிறு புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில் வாழ்வதற்குப் போதுமான கூலி என்று இருக்கிறதே, போதும் என்று முடிவு செய்தது யார், தொழிலாளியா முதலாளியா, அதை எழுதாத வரைக்கும் அது பாதி நிஜம்தான் என்று எட்டு நிமிஷம் போனது. ராமாத்தாள் தட்டைக் கழுவிக்கொண்டே, மூன்று வருஷம் கேட்காமல் இருந்ததைப் பற்றியும் ஏதாவது வருமா என்று கேட்டாள்.

“அம்மிணி,” என்றேன். “நாலு பேருங்கறது பெருசும்மா. எனக்கு ஒண்ணுகூட இல்ல.”

விரலை எடுத்தேன். போனிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு வெள்ளிங்கிரி இறங்கினான், வேட்டியும் தோளில் சிவப்புத் துண்டுமாக. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, திரைக்குள் ஏறி ஹாலந்து பக்கம் நடந்தான். திரையில் இரண்டு கோடு விழுந்தது, சாம்பல் நிறத்தில்.

சாம்பல் நிறத்திலேயே நின்றது. அவளுக்கு அங்கே சனிக்கிழமைக் காலை, கடைக்குப் போயிருப்பாள் என்றாள் ராமாத்தாள். நான் சாப்பிடவில்லை. கேட்கப்படாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் அது தெரியவே தெரியாது என்று தெரிந்துகொண்டேன். இரண்டே காலுக்குக் கோடுகள் நீலமாயின, அவள் திறந்துவிட்டாள். ஒன்பது நிமிஷம் எதுவும் நடக்கவில்லை. என் பேச்சின் நீளம் ஒன்பது நிமிஷம்.

பிறகு புதுப் போனின் விளிம்பில் குடை ஒன்று தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஏறி வந்தாள், கட்டைவிரல் உயரம், நனைந்த கோட்டில், முடியில் இரண்டு மூன்று நரை. குடையை மடக்கி உதறினாள், என் கைமேல் சில்லென்று ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்.

“தோழர்களேன்னு ஆரம்பிச்சயே, இங்க நான் ஒருத்திதாம்ப்பா இருக்கறேன்,” என்றாள். குடையை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “பரவால்ல, கூட்டம் வந்துருச்சுன்னே வெச்சுக்க. பேசு.”